‘காலி’ கேசட், பி சைடு

இதில் ஒரு ஆள் பெயரைக்கூட நான் மாற்றவில்லை. என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேய் அனுபவம் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, ஒற்றைப் புளியமரம் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். முதல் தடவை நடந்தபோது மணி 11.52. ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே சுள்ளென்று வெயில். கூட இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. ஏனென்றால் ஹெட்போன் என் காதில் இருந்தது.

வருடம் 1991. எனக்கு இருபத்து மூன்று வயது. பெயர் ஃபிரடி. சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. அப்போது பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஒரு பேரல் கம்பெனி இருந்தது. எண்ணெய் பிடிக்கிற இரும்பு பேரல் செய்வார்கள். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம். அங்கே நான் குவாலிட்டி செக்கர். பிரஸ் ஷாப்பில் பகலவன், மெயின்டனன்சில் இனியவன். மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம். மெட்டல்.

மெட்டல் என்றால் இரும்பு இல்லை, இசை. வெளிநாட்டு கேசட்டுகளை மெட்ராஸ் நண்பர்களிடம் வாங்கி, காப்பி எடுத்து, காப்பிக்குக் காப்பி எடுத்து, தேய்ந்து போகிற வரைக்கும் கேட்போம். பகலவனிடம் செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கிடார் ஒன்று இருந்தது. இனியவன் ஐ.டி.ஐ. படித்தவன், கிடார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் பெட்டி ஒன்றை அவனே செய்து கொடுத்தான். எங்கள் பேண்டுக்குத் ‘துரு’ என்று பெயர் வைத்தோம். எனக்கு வாசிக்கத் தெரியாது. ரெக்கார்டிங் என் வேலை.

ஒருநாள் பகலவன் சொன்னான். “கிடார் எல்லாரும் வாசிக்கிறான். நம்ம ஷாப்புல கேக்குற சத்தம் எவன்கிட்டடா கீது?”

அப்படித்தான் ஆரம்பித்தது. பாட்டு இல்லை, தாளம் இல்லை, முழுக்க இரைச்சல். பவர் பிரஸ், கம்ப்ரசர், தகடு அறுக்கிற மிஷின்... எல்லாவற்றையும் பதிவு செய்து, மேலே கிடாரை ஏற்றினோம். ஏ சைடு முடிந்தது. பி சைடுக்கு ஒரு பெரிய சத்தம் தேவைப்பட்டது.

பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால், பெயிண்டில் கலக்கிற தின்னருக்கான டேங்க் ஒன்று நின்றிருந்தது. இரண்டு ஆள் உயரம். மேலே ஆள் இறங்குகிற வாய், அதற்கு இரும்பு மூடி. சுத்தியலால் தட்டினால் மொத்... மொத்... என்று செத்த சத்தம்தான் வரும். உள்ளே தின்னர் இருக்கிறதே! காலியாக இருந்தால் கோயில் மணி மாதிரி அடிக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சூப்பர்வைசர் ராஜாமணி சாரிடம் நான்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை, டீ நேரத்தில்.

“சார், அந்த டேங்க் காலியா இருந்தா நல்லா இருக்கும் சார்.”

“அடுத்த மாசம் கழுவுறதுதான்டா. பாக்கலாம் போ.”

அவர் எங்களுக்கு வேண்டியவர். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் உள்ளே விடுவதாகச் சொல்லியிருந்தார். டேங்க் காலியாக இருந்தால் நல்லது என்ற அந்த ஒரு வாக்கியம்தான் நான் கேட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ண முடியாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. காலை 10.40க்கு உள்ளே போனோம். படப்பையில் ஒரு மைக்செட் கடையில் டேப் டெக்கும் மைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தேன். பகலவன் டேங்கை ஒரு தட்டு தட்டினான்.

ணங்ங்ங்...

காலி!

மூன்று பேரும் குதித்தோம். இனியவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். மைக்கை டேங்கின் அடிப்பக்கம் ஒட்டி வைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். 11.40க்கு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். பகலவன் ஒரு பக்கம், இனியவன் ஒரு பக்கம். கையில் சுத்தியல்.

“ஃபிரடி, லெவல் பாரு!” என்று கத்திவிட்டுப் பகலவன் ஆரம்பித்தான்.

ஹெட்போனில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருடமாகத் தேடிய சத்தம் அது. ஒரு அடி அடித்தால் எட்டு விநாடி நின்று தேய்ந்தது.

பன்னிரண்டாவது நிமிடம். வாட்சைப் பார்த்தேன். 11.52.

டொக்.

அவர்கள் அடித்தது இல்லை அது. சின்னச் சத்தம். இரண்டு அடிகளுக்கு நடுவில் வந்தது.

டொக்... டொக்.

எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலி அடித்த தாளத்தில்தான் வரும். இது வேறு தாளம். மெதுவாக, களைத்துப்போய்...

டொக்... டொக்... டொக்.

நான் கையைத் தூக்கினேன். நிறுத்து என்று அர்த்தம். அதுதான் எங்கள் சைகை.

இருவரும் பார்க்கவில்லை. பகலவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி வாசித்து நான் பார்த்ததே இல்லை. இப்போது நிறுத்தினால் இது திரும்ப வராது. மாலைக்குள் டெக்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கையை இறக்கிவிட்டேன்.

இன்னும் ஆறு நிமிடம் ஓடியது. 11.58க்கு முடித்தார்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அதிர்வு மெல்ல அடங்கியது. விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினேன். பதில் இல்லை.

அப்பாடா என்று இருந்தது. எதிரொலிதான்.

மறுநாள் திங்கள். காலை 8.10. தின்னர் ஊற்றுவதற்காகக் கான்ட்ராக்ட் ஆள் கோதண்டம் டேங்க் மேல் ஏறி மூடியைத் திறந்தார். உள்ளே டார்ச் அடித்தார். டார்ச் கை நழுவி உள்ளே விழுந்தது. அது விழுந்த சத்தம் பெயிண்ட் ஷாப் வரைக்கும் கேட்டது.

உள்ளே யாக்கோபு கிடந்தார். கோதண்டத்தோடு வேலை செய்கிற ஆள். வயது ஐம்பது இருக்கும். சனிக்கிழமை சாயந்திரம் கழுவ இறங்கியிருக்கிறார். தின்னர் வாடை ஆளைச் சாய்த்துவிட்டது. மழை வருகிற மாதிரி இருக்கவே, அவர் ஏறிப் போய்விட்டதாக நினைத்து யாரோ மூடியைப் போட்டிருக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனித்தனியாகக் கையெழுத்து கிடையாது. ஐந்து பேருக்கும் சேர்த்து மேஸ்திரி ஒரு கையெழுத்து. ஐவரும் வெளியே போனதாக அதில் இருந்தது.

ராஜாமணி சார் எங்களை ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். முகம் வெளிறிக் கிடந்தது.

“ஞாயித்துக்கிழமை நீங்க இங்க வரல. நான் உங்கள வுடல. புரியுதா?”

தலையாட்டினோம். அவர் போனதும் பகலவன் என் தோளைப் பிடித்தான்.

“ஹெட்போன்ல நீதானடா இருந்த. எதுனா கேட்டுதா?”

“இல்ல.”

“நெசமா?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

அவன் மூச்சு விட்டான். நான் விடவில்லை. என் கணக்குப்படி யாக்கோபு ஞாயிற்றுக்கிழமை 11.52க்கு உயிரோடு இருந்தார். மேலே இடி மாதிரி சத்தம் கேட்டதும், ஆள் வந்துவிட்டது என்று தட்டியிருக்கிறார். நாங்கள் இன்னும் பலமாக அடித்தோம். 11.58க்கு நான் விரலால் தட்டியபோது பதில் வரவில்லை. அந்த ஆறு நிமிடத்தில்தான்...

நான் கையை இறக்கிய ஆறு நிமிடம்.

கேசட்டை அன்றே உடைத்துப் போட்டிருக்க வேண்டும். பகலவன் வேறு மாதிரி நினைத்தான். சுயமரியாதைக் குடும்பம். சாவு வேறு, சத்தம் வேறு என்பான். “அவர் ஞாபகமா இருக்கட்டும்டா. தொழிலாளி ஒருத்தன் செத்த டேங்க். இதுதான் உண்மையான மெட்டல்.” வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். அதனால் நான் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஐம்பது காப்பி எடுத்தோம். பெயர் ‘காலி’. கறுப்பு அட்டை, ஜெராக்ஸ். தபாலில் பத்திரிகைகளுக்கு அனுப்பினோம்.

முதல் விமர்சனம் செப்டம்பர் கடைசியில் வந்தது. மெட்ராஸில் காலேஜ் பையன்கள் ஜெராக்ஸ் எடுத்து நடத்துகிற பத்திரிகை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

‘ஏ சைடு, பாத்திரக் கடையில் திருடன் புகுந்த மாதிரி இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குமேல் தாங்காது. ஆனால் பி சைடு வேறு ரகம். வெளியே இரண்டு பேர் அடிக்கிறார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் மூன்றாவது ஆள் சேர்கிறார். அவர் எதிர்த்தாளம் போடுகிறார். டேங்குக்கு உள்ளே ஒரு டிரம்மரை உட்கார வைத்தார்களா?’

பகலவன் துள்ளினான். “எதிரொலிய டிரம்மர்ங்கறான் பாருடா!”

நானும் சிரித்தேன். அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது, அக்டோபர் 13. ஒரு ஆங்கில நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஓரமாக எட்டு வரி. அதை இனியவன் கேன்டீனில் சத்தம் போட்டு வாசித்தான்.

‘தொழிற்சாலைப் பையன்கள் செய்த இந்த இரைச்சலை இசை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் இரண்டு நாளாக மறக்க முடியவில்லை. சுத்தியல்களுக்கு அடியில் ஒருவர் மூச்சு வாங்குகிறார். பிறகு கிசுகிசுக்கிறார். ரெடி... ரெடி... என்று. எதற்கு ரெடி? யார் அந்தப் பாடகர்? அட்டையில் பெயர் இல்லையே?’

இனியவன் நிமிர்ந்தான். “ரெடியா? யார்ரா ரெடின்னு சொன்னது?”

“அவனுக்குக் காது கோளாறு” என்றான் பகலவன்.

நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

அது ரெடி இல்லை.

ஃபிரடி.

அன்று வீட்டுக்குப் போய் என் காப்பியைப் போட்டுக் கேட்டேன். மூன்று தடவை. டொக் டொக் இருந்தது. குரல் இல்லை. மூச்சும் இல்லை. யாருக்கோ கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை... நிம்மதி வரவில்லை. நாங்கள் தட்டும்போது பகலவன் என் பெயரைச் சொல்லிக் கத்தினானே. உள்ளே இருந்தவர் காதில் அது விழுந்திருக்கும். அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார்...

அதற்குப் பிறகு ஷாப்பில் யார் என்னைக் கூப்பிட்டாலும் தூக்கிவாரிப் போடும். அந்த மாதக் கடைசியில் பகலவன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பேண்ட் அதோடு சரி. மாஸ்டர் கேசட், அதாவது டேங்க் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த அசல் கேசட், என்னிடம் இருந்தது. அதை அழித்துவிட முடிவு செய்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு. காலையிலிருந்து அடைமழை. வீட்டில் எல்லோரும் ஒரு ஞானஸ்நான விழாவுக்குப் போயிருந்தார்கள். படப்பைக்கு நனைந்துகொண்டே போய் அதே டெக்கை மறுபடி வாடகைக்கு எடுத்து வந்தேன். அழிப்பது சுலபம். மைக்கைச் சொருகாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் போதும். பழைய சத்தம் போய் வெறும் மௌனம் பதியும். நாற்பத்தைந்து நிமிட வேலை.

மாலை 3.05க்கு அழுத்தினேன். கேசட் சுற்ற ஆரம்பித்தது. டெக்கின் முகப்பில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் உண்டு. அது அடியில் படுத்துக் கிடந்தது. மைக் இல்லையே, அப்படித்தான் இருக்க வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டின் மேல் மழைச் சத்தம்.

3.17.

முள் துள்ளியது.

மழை இடியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மைக் இல்லை. இடி இடித்தாலும் முள்ளுக்குத் தெரியாது.

மறுபடி துள்ளியது. ஒரு தடவை. பிறகு இரண்டு. பிறகு மூன்று.

அறையில் சத்தமே இல்லை. முள் மட்டும்...

ஹெட்போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. மாட்டினேன்.

சுத்தியல் சத்தம்.

ஆனால் நான் அன்று கேட்டது மாதிரி இல்லை. மங்கலாக... நாலு பக்கமும்... தலைக்கு மேலும். சத்தம் என்னைச் சுற்றி வந்தது. மூடிய இடத்துக்குள் நின்று கேட்பது போல.

புரிந்தது. இது வெளியே கேட்ட சத்தம் இல்லை.

உள்ளே இருந்து கேட்டால்... இப்படித்தான் இருக்கும்.

தூரத்தில், இரும்புக்கு அந்தப் பக்கம், பகலவன் குரல். “ஃபிரடி... லெவல் பாரு...”

பிறகு மூச்சு.

காதுக்குப் பக்கத்தில்.

“ஃபிரடி...”

கரகரத்த குரல். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பெரியவர் ஒரு பையனைக் கூப்பிடுகிற மாதிரி...

“தம்பி... ஃபிரடி...”

என்னால் அசைய முடியவில்லை.

சுத்தியல் நின்றது.

மழையும் கேட்கவில்லை.

“கைய... ஏன் எறக்கின?”

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன். டெக்கை நிறுத்தினேன். 3.24. பனியன் முழுக்க வேர்வை. கதவைத் திறந்து மழையில் போய் நின்றேன். மழை அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது.

அரைமணி கழித்து உள்ளே வந்து, கேசட்டைப் பின்னால் சுற்றி ஓடவிட்டேன். அழித்த வரைக்கும் வெறும் மௌனம். ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லை.

நான் கையைத் தூக்கியதை யாரும் பார்க்கவில்லை. இறக்கியதையும் பார்க்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம். ஆனாலும் யாக்கோபின் ஊரான மணிமங்கலத்துக்குப் பஸ் ஏற மூன்று வாரம் ஆனது.

டிசம்பர் 8, ஞாயிறு. காலை 11 மணி இருக்கும். யாக்கோபு வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி ஞானம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“வா தம்பி, குந்து. நீ படிச்ச புள்ள மாதிரி கீற. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதற்குள் மடித்த காகிதம்.

“ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்து எழுதின காயிதம். இங்கிலீசுல கீது. அவரு என்னிக்கி செத்தாருன்னு இதுல போட்டிருக்கும் இல்ல? வருசத்துக்கு ஒரு பூசை வைக்கணும். சனியா, ஞாயிறா, திங்களான்னு தெரியல. சாமியாரு தேதி கேக்குறாரு.”

வாங்கிக்கொண்டேன். ஞாயிறு என்று எனக்குத் தெரியும். ஞாயிறு, பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்னே பின்னே. இதைச் சொல்லிவிட்டு, அதோடு மற்றதையும் சொல்லிவிடலாம்...

“அன்னிக்கி ஞாயித்துக்கெழம அவரத் தேடிக்கினு நான் கம்பெனிக்கு வந்தேம்பா” என்றார் ஞானம்மா. “ராத்திரி ஓவர்டைம் பாத்துட்டு அங்கியே படுத்துட்டாருன்னு நெனச்சேன். சோறு எடுத்துக்கினு வந்தேன். வாச்மேன் உள்ள யாரும் இல்லன்னுட்டான். கேட்டாண்டயே குந்திக்கினு இருந்தேன். உள்ள யாரோ டமார் டமார்னு தட்டிக்கினு இருந்தாங்க. யாரும் இல்லன்னியே, அது யாருய்யான்னு கேட்டேன். மிசின் ரிப்பேருன்னான்.”

காகிதத்தைப் பிரித்தேன். எழுத்து கண்ணில் நிற்கவில்லை. இரண்டாவது பக்கத்தின் கீழே இருந்தது அந்த வரி.

பரிசோதனை செய்த நேரம்: 19-ம் தேதி, திங்கள், மாலை 3 மணி.

இறந்து நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து மணி நேரம் ஆகியிருக்கிறது.

விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஞாயிறு மாலை 3 மணி என்றால் இருபத்து நான்கு. அதற்கு முன்னால் இன்னும் பதினாறு. எப்படிப் போட்டாலும்...

சனிக்கிழமை. ராத்திரி பதினொன்றுக்குள்.

நாங்கள் சுத்தியலை எடுத்தபோது அவர் செத்து அரை நாளுக்குமேல் ஆகியிருந்தது.

நான் அவரைச் சாகவிடவில்லை. கையை இறக்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடிதான்... நெஞ்சிலிருந்து பாறை இறங்கியது போல இருந்தது.

அடுத்த விநாடி உள்ளங்கை ஜில்லிட்டது.

அப்படியானால் 11.52க்கு உள்ளே இருந்து தட்டியது?

“இன்னா தம்பி போட்டுக்கீது?”

“சனிக்கிழமைம்மா. பதினேழாம் தேதி.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினேழு, பதினேழு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னொண்ணு கேக்கட்டா? கோதண்டம் சொன்னான். சனிக்கிழம அஞ்சு மணிக்கு இவரு சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்டாராம். சூப்பர்வைசர் கூப்ட்டு டேங்க கழுவுன்னாராம். இந்நேரத்துல எதுக்கு சார்னு இவரு கேட்டாராம். அதுக்கு, ஃபிரடின்னு ஒரு பையன், அவனுக்குக் காலி டேங்கு வேணுமாம்னு சொன்னாராம். இவரு சிரிச்சிக்கினே, சரி ஃபிரடிக்காகன்னு சொல்லிட்டு எறங்கினாராம்.”

கீரைக் காம்பு ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்தார்.

“எனக்கு அவன் மேல கோவம் இல்லப்பா. எதுக்குக் கேட்டான்னு தெரிஞ்சா போதும். உனக்குத் தெரியுமா அந்த ஃபிரடிய?”

சொல்லத்தான் வந்திருந்தேன். அதற்காகத்தான் பஸ் ஏறினேன். வாய் திறந்தது.

“தெரியாதும்மா.”

எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பகலவன் கத்தியதால் இல்லை. அவருக்கு முந்தின நாளே என் பெயர் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் என் மனசாட்சி சம்பந்தப்பட்ட கதை என்று விட்டிருப்பேன். எழுதியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 29. பிள்ளைப்பாக்கத்தில் பகலவன் வீட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. அவன் தங்கை எழிலரசி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கையில் ஒரு பழுப்புக் கவர்.

“ஃபிரடி அண்ணா, பெங்களூர்லருந்து வந்துது. உங்க பாட்டு கேசட் விசயம் போல. அண்ணன் ஓசூருக்குப் போச்சே, அந்த வாரமே வந்துடுச்சு. யாரும் பிரிக்கல. நீங்களே எடுத்துக்கினு போங்க.”

தெருவிலேயே நின்று பிரித்தேன். ஒரு இசைப் பத்திரிகை, அக்டோபர் இதழ். எங்கள் ‘காலி’க்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இதுவரை வந்ததிலேயே நல்ல விமர்சனம். இந்த வருடம் நாட்டில் வந்த மெட்டல் கேசட்டுகளில் இதுதான் துணிச்சலானது என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தி இது.

‘பி சைடின் முடிவில் சுத்தியல்கள் நின்றுவிடுகின்றன. கேசட் முடிந்தது என்று அணைத்துவிடாதீர்கள். ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு வயதான ஒரு பெண் ஏதோ கேட்கிறார். ஒரு இளைஞன் பதில் சொல்கிறான். ஒரே வார்த்தை. எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த குற்ற உணர்வைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.’

கீழே அந்த வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுத்துக்கூட்டி அச்சடித்திருந்தார்கள்.

தெரியாதும்மா.

கவரைத் திருப்பிப் பார்த்தேன். இங்கே வந்து சேர்ந்த அன்று குத்திய ஸ்ரீபெரும்புதூர் தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

30 அக்டோபர் 1991.

ஞானம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது டிசம்பர் 8-ம் தேதி.